பழைய ரீவியில் சின்னக் கொம்பியூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இன்னும் ஒரு 21 அங்குலப் பெட்டி ரீவி இருக்கிறது. அதன் முதுகில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கொம்பியூட்டரை ஒட்டிவைத்திருக்கிறேன். அம்மா பின்னேரத்தில் அதில்தான் பழைய படங்கள் பார்ப்பார். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் வீட்டிலும் செய்துபார்க்கத் தொடங்கி, பாதி வழியில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுப்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்காதீர்கள். ரீவியைச் சுவரில் இருந்து இழுத்து, தூசியைத் துடைத்து, பின்பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். முன்பக்கத்தில், சின்ன மூடிக்குக் கீழேயும் சிலவற்றில் ஓட்டைகள் இருக்கும். அதையும் எடுங்கள். மின்சாரத் தேவை எழுதிய ஒரு ஸ்டிக்கர் பின்னால் ஒட்டியிருக்கும். அது மூன்றாவது படம். இந்த மூன்று படமும் கையில் இல்லாமல் கடைக்குப் போனவர்கள் இரண்டாம் முறையும் போயிருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த ஓட்டை எதற்கு?

தட்டையான, இரண்டு மூலை சரிந்த ஓட்டை எச்டிஎம்ஐ. அது இருந்தால் ஒரு கேபிளோடு வேலை முடிந்தது, மிச்சக் கேள்விகளில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. எச்டிஎம்ஐ அறிமுகமானது 2002 கடைசியில். அதற்கு முந்திய ரீவியில் அதைத் தேட வேண்டாம்.

மூன்று வரிசையில் 15 துளைகள் உள்ளது விஜிஏ. பழைய எல்சிடி ரீவிகளில் இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டைகள் இருந்தால் கொம்பனென்ட். படம் மூன்று வயர்களில் பிரிந்து வருவதால் நன்றாக இருக்கும். நான்கு சின்னத் துளைகளுள்ள வட்ட ஓட்டை எஸ்-வீடியோ. அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியே போகும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த ஏவி. மஞ்சளில் படம், வெள்ளையில் இடப்பக்கச் சத்தம், சிவப்பில் வலப்பக்கச் சத்தம். கொம்பனென்ட்டிலும் ஒரு சிவப்பு இருக்கிறது, சத்தத்திலும் ஒரு சிவப்பு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த இரண்டு சிவப்பும் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது.

கடைசியில் அன்ரனா ஓட்டை. அது மட்டும்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு, ஆனால் கொஞ்சம் சுற்றுவழி.

லண்டனில் இருந்து, கனடாவில் இருந்து வந்த ரீவி என்றால்?

யாழ்ப்பாணத்துக்கே உரிய கேள்வி. எங்கள் வீடுகளில் இருக்கிற சாமான்கள் பாதி யாரோ ஒரு மாமா கொண்டுவந்தவை, மிச்சம் யாரோ ஒரு சித்தி அனுப்பியவை. அவர் எந்த நாட்டில் இருந்தார் என்பதில்தான் உங்கள் வேலையின் கஷ்டம் தங்கியிருக்கிறது.

கனடா என்றால் கையை எடுத்துவிட்டு முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. ஸ்டிக்கரில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிழையில்லை. 120 மட்டும் என்று இருந்தால், பிளக்கை மாற்றி அப்படியே செருகினால் ரீவி போய்விடும். வோல்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அந்த ரீவி என்டிஎஸ்சி என்ற படம் அனுப்பும் முறையில் மட்டும் படம் காட்டும் என்பது அடுத்த விஷயம். கொம்பியூட்டரில் இருந்தும் அந்த முறையிலேயே படம் கொடுக்க வேண்டும்.

பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனியில் இருந்து வந்த பெட்டி ரீவியின் பின்னால் அகலமான, 21 ஊசி போகும் ஒரு ஓட்டை இருக்கும். பெயர் ஸ்கார்ட். மஞ்சள் வெள்ளை சிவப்பு மூன்றையும் அதற்குள் செருக ஒரு சின்ன அடப்டர் இருக்கிறது. அந்த அடப்டரில் உள்ளே, வெளியே என்று மாற்றும் ஒரு சுவிட்ச் இருக்கலாம். அது உள்ளே பக்கம் இருக்க வேண்டும். வெளியே பக்கம் இருந்தால் திரை கறுப்பாகவே இருக்கும், நீங்கள் கொம்பியூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிரான்சின் பழைய முறை செகாம். பிந்திக் காலத்தில் வந்த ரீவிகள் பெரும்பாலும் ஸ்கார்ட் வழியாகப் பால் முறையையும் ஏற்கும்.

லண்டன் ரீவி மின்சாரத்திலும் படத்திலும் எங்களுடையதைப் போலத்தான். அன்ரனா ஓட்டை வழியாகப் போகும்போது மட்டும் சத்தம் வராது, இரைச்சல் வரும். இங்கிலாந்தில் படத்தில் இருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளிச் சத்தத்தை அனுப்பினார்கள், இங்கே 5.5. அதனால் ரீவி தவறான இடத்தில் காதை வைத்துக் கேட்கிறது. ஏவி வழியாகக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பால் என்கிறீர்கள், என்டிஎஸ்சி என்கிறீர்கள். என்ன அது?

குடிக்கிற பால் இல்லை. படத்தை வரி வரியாக எழுதி அனுப்பும் முறையின் பெயர். இலங்கையில் பால். மொத்தம் 625 வரிகள், அதில் படம் இருப்பது 576 வரிகளில். ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை என்று நொடிக்கு 50 தடவை அரை அரைப் படமாக எழுதும். வட அமெரிக்காவின் என்டிஎஸ்சியில் 525 வரிகள், படம் 480இல், நொடிக்குக் கிட்டத்தட்ட 60 அரைப்படங்கள். ரீவிக்கு ஒன்று தெரிந்திருக்க நீங்கள் மற்றதைக் கொடுத்தால் படம் மேலே உருண்டுகொண்டே போகும், அல்லது நிறம் இருக்காது. இங்கே விற்ற ரீவிகளில் பல இரண்டையும் அறியும். ஆனாலும் பாலில் வைப்பது நல்லது.

எந்தச் சின்னக் கொம்பியூட்டர் நல்லது?

மூன்று வகை இங்கே புழக்கத்தில் இருக்கிறது.

முதலாவது அன்ட்ரொயிட் பெட்டி. மலிவானவற்றில் பலவற்றின் பக்கவாட்டில் ஏவி என்று எழுதிய ஒரு ஓட்டை இருக்கும், ஹெட்போன் ஓட்டை போல. ஒரு முனையில் அந்த ஊசியும் மறுமுனையில் மூன்று நிறமும் உள்ள வயரைப் போட்டால் நேரே பெட்டி ரீவிக்குப் போகலாம். எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பெரும்பாலானவை தாமாகவே ஏவிக்கு மாறும். கொம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாத வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கொம்பியூட்டர். 2012இல் வந்த முதல் பையில் மஞ்சள் ஓட்டை தனியாகவே இருந்தது. 2014இல் இருந்து அது ஹெட்போன் ஓட்டைக்குள் போய்விட்டது. 2019இல் வந்த பை 4இல் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஏவி மூடிவைக்கப்பட்டிருக்கும், அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதித் திறக்க வேண்டும். 2023இன் பை 5இல் அந்த ஓட்டையே இல்லை, பலகையில் ஈயம் வைத்து வயர் ஒட்டுவதற்கு இரண்டு புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. எனவே பெட்டி ரீவிக்கு வாங்குவதென்றால் பழைய பைதான் லாபம். விலையும் குறைவு. பையின் ஏவி தானாக என்டிஎஸ்சியில்தான் தொடங்கும். அமைப்புக் கோப்பில் எஸ்டிடிவி மோட் என்ற வரிக்கு 2 கொடுத்தால் பால். புதிய பதிப்புகளில் இதே விஷயத்தை வேறு இடத்தில், 720க்கு 576, 50 என்று எழுதுவார்கள். இந்த வேலையையெல்லாம் யாருடையதாவது எச்டிஎம்ஐ மொனிட்டரில் முடித்துவிட்டு ரீவிக்குக் கொண்டுபோங்கள். உருளுகிற திரையைப் பார்த்துக்கொண்டு கோப்பு திருத்த முடியாது.

மூன்றாவது, அலுவலகங்களில் கழித்துவிட்ட, புத்தகம் அளவிலான மினி கொம்பியூட்டர். இரண்டாம் கையில் கிடைக்கும். வேகத்துக்கு இதை அடிக்க முடியாது. ஏவி மட்டும் இருக்காது, எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கொன்வேட்டர் வேண்டும். உங்கள் ரீவியில் விஜிஏ இருந்தால் இதுவே முதல் தெரிவு, பலவற்றில் விஜிஏ அப்படியே இருக்கிறது.

ஹெட்போன் ஊசி வயரைப் போட்டேன். சத்தம் மஞ்சளில் வருகிறது, படம் இல்லை.

வயர் பிழை. பார்க்க ஒரேமாதிரி இருந்தாலும் உள்ளே கட்டியிருக்கிற ஒழுங்கு வேறு வேறு. பையில் ஊசியின் நுனி இடச் சத்தம், அடுத்த வளையம் வலச் சத்தம், மூன்றாவது வளையம் நிலவயர், அடிப்பக்கம் படம். பழைய கமெராவோடு வந்த வயர்களில் இந்த ஒழுங்கு மாறியிருக்கும்.

முதலில் மூன்று நிறத்தையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். சிவப்பை மஞ்சள் ஓட்டையில் போட்டதும் படம் வந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். நிறம் வெறும் பிளாஸ்டிக்தான். எப்படி மாற்றினாலும் வராவிட்டால் நிலவயர் இடம் மாறியிருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால், ஒரு முனையை நுனியையும் சேர்த்து எண்ணி மூன்றாவது வளையத்தில் வைத்து, மறுமுனையை மஞ்சள் பிளக்கின் வெளித் தகட்டில் வையுங்கள். ‘பீப்’ என்றால் வயர் சரி. இல்லையென்றால் வேறு வயர்.

ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மூன்று நிறம். அப்படி ஒரு கேபிள் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

போதாது. எச்டிஎம்ஐயில் போவது இலக்கங்கள், மஞ்சள் வயரில் போக வேண்டியது ஏறி இறங்கும் மின் அலை. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குக் கரண்ட் வேண்டும். வெறும் வயரில் இரண்டும் இல்லை. அந்தக் கேபிள் ஏன் விற்பனைக்கு இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான்.

கொன்வேட்டரே வாங்கினேன். ஒன்றும் வரவில்லை.

இப்போது என் கதை. இந்தப் பெட்டிகள் இரண்டு திசையில் இருக்கின்றன. எச்டிஎம்ஐயில் இருந்து ஏவிக்கு ஒன்று, ஏவியில் இருந்து எச்டிஎம்ஐக்கு இன்னொன்று. அதே அளவு, அதே வெள்ளைப் பிளாஸ்டிக், அதே மூன்று நிற ஓட்டை. இரண்டாவது, பழைய வீடியோக் கசெற் டெக்கைப் புது ரீவியில் கொளுவுவதற்கு. நான் ரவுணுக்குள் ஒரு கடையில் “எச்டிஎம்ஐ ஏவி கொன்வேட்டர்” என்று கேட்டேன், அவரும் ஒன்றை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டிய பிறகு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியில் பார்த்தால், ஏவி, 2, எச்டிஎம்ஐ என்ற வரிசையில் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு வேண்டியது எச்டிஎம்ஐ முதலில், பிறகு 2, பிறகு ஏவி. நடுவில் உள்ள அந்த 2 அம்புக்குறி போல. திரும்பவும் பஸ் ஏறினேன்.

சரியான திசைப் பெட்டிதான் என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அதற்கு யூஎஸ்பியால் 5 வோல்ட் கொடுத்திருக்கிறீர்களா. சில பெட்டிகள் எச்டிஎம்ஐயில் வருகிற சொட்டுக் கரண்டிலேயே விளக்கை எரியவிட்டு ஆளை ஏமாற்றும், படம் மட்டும் வராது. இரண்டு, பக்கத்தில் பால், என்டிஎஸ்சி என்று ஒரு பொடிச் சுவிட்ச். நகத்தால் தள்ள முடியாவிட்டால் ஊசியால் தள்ளுங்கள்.

சில ஒளிபரப்புச் செயலிகள் மட்டும் கறுப்புத் திரை காட்டி, மற்றதெல்லாம் நன்றாக ஓடினால், அது திருட்டுப் பிரதி தடுக்கும் பூட்டு. நடுவில் இருக்கும் கொன்வேட்டர் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறது. உங்கள் வயரில் குற்றமில்லை.

“தம்பி, படம் வருகுது. ஆனா கறுப்பு வெள்ளையா வருகுது.”

பக்கத்து வீட்டு மாமி கேட்டது. போய்ப் பார்த்தேன். சில ரீவிகளில் கொம்பனென்ட்டின் பச்சை ஓட்டையும் ஏவியின் மஞ்சள் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மஞ்சள் பிளக் பச்சைக்குள் போயிருந்தது. கொம்பனென்ட்டில் பச்சை வெளிச்சத்தை மட்டும் கொண்டுபோகும் வயர், அதனால் ரீவி நிறத்தைத் தேடவே இல்லை. ஒரு ஓட்டை தள்ளிச் செருகினேன். மாமியின் ரீவியில் திரும்பவும் சிவப்புச் சேலை தெரிந்தது.

அது இல்லையென்றால் பால், என்டிஎஸ்சி குழப்பம். அதுவும் இல்லையென்றால் உப்பு. பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் கடற்காற்றில் இந்தப் பித்தளை ஓட்டைகள் பச்சை பிடிக்கும். ரீவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஏவி பிளக்கைச் செருகிச் செருகிப் பத்துத் தரம் சுழற்றுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள்.

எழுத்து ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

முடியாதுதான். இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் பலர் மனம் மாறியிருப்பார்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் கொம்பியூட்டர் 1920க்கு 1080 புள்ளிகளில் படம் கீறுகிறது. ரீவியிடம் இருப்பது 576 வரிகள். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே பாதையில் நெருங்கியடித்துக்கொண்டு போவதால் எழுத்தின் ஓரமெல்லாம் வானவில் பூசும். படத்தில் ஒரு முகம் அசைந்துகொண்டிருக்கும்போது இது தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் கண் வலிக்கும்.

வரிகளை ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி எழுதுவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே ஒரு வரி தடிப்பில் இருக்கிற கிடைக்கோடு, பாதி நேரம் திரையில் இல்லை. அதனால் அது படபடவென்று துடிக்கும். மெனுவின் கோடுகள், செய்தியின் கீழே ஓடும் எழுத்து எல்லாம் நடுங்குவது இதனால்தான். ரீவி பழுதில்லை.

செய்யக்கூடியவை இவை. ரெசலூஷனை, அதாவது படப் புள்ளிகளின் எண்ணிக்கையை, 720க்கு 576 அல்லது 800க்கு 600 வரை இறக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். ரீவியின் ஷார்ப்னஸை அரைவாசிக்கும் கீழே கொண்டுவாருங்கள். எல்லோரும் இதைக் கூட்டத்தான் பார்ப்பார்கள், கூட்டினால் துடிப்புத்தான் கூடும். வெறும் டெஸ்க்டொப்பை விட்டுவிட்டு, கோடி போல தூரத்தில் இருந்து பார்க்கச் செய்த மென்பொருளைப் போடுங்கள். பண எண்ணிக்கை இல்லை, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்து 2014இல் பெயர் மாறிய அந்தப் படம் போடும் மென்பொருள்தான். எஸ்-வீடியோ இரண்டு பக்கமும் இருந்தால் கட்டாயம் அதைப் பாவியுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மின்னஞ்சல் வாசிக்க, பத்திரிகை வாசிக்க இந்த ரீவி உதவாது. அந்த ஆசையை விடுங்கள்.

ஒரு லாபமும் உண்டு. 576 வரிக்கு மேல் ரீவியால் காட்ட முடியாது என்பதால் யூடியூப்பில் 480 வைத்தால் போதும். 1080ஐ விட டேட்டா பாதிக்கும் குறைவாகத்தான் போகும். மாசக் கடைசியில் பக்கேஜ் முடிகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆட்கள் எல்லாரும் நெடுவலாக, ஒல்லியாகத் தெரிகிறார்கள். ஓரமும் வெட்டுப்படுகிறது.

அகலப்படத்தை 16க்கு 9 என்ற அளவில் கொன்வேட்டருக்குக் கொடுத்தீர்கள், அது 4க்கு 3 திரைக்குள் அமுக்கிப்போட்டது. ஓரம் வெட்டுப்படுவது வேறு காரணம். பெட்டி ரீவிகள் எல்லாமே படத்தின் விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிக்கும், பக்கத்துக்கு ஐந்து வீதம் மட்டில். ஓரம் நேராக இல்லாத பழைய படக்குழாய்களை மறைக்கச் செய்த ஏற்பாடு.

கோடியில் இரண்டையும் ஒரே இடத்தில் தீர்க்கலாம். அமைப்பில் காட்சிப் பகுதிக்குள் வீடியோ அளவுத்திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. மேல் இடது மூலையில் ஒரு குறி வரும். அம்புச் சாவியால் அதை உள்ளே இழுத்துத் திரையின் மூலையில் சரியாக உட்காரவையுங்கள். பிறகு கீழ் வலது மூலை. பிறகு துணைவசனம் வரும் உயரம். கடைசியாக நடுவில் ஒரு பெட்டி வரும், அதைச் சதுரமாக்கச் சொல்லும். கண்மதிப்பில் செய்யாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தை வாங்கித் திரையில் வைத்து அளவுங்கள். எங்கள் வீட்டில் அகலம் 9 சென்ரிமீற்றரும் உயரம் 12உம் இருந்தது. இரண்டையும் சமமாக்கியதும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தது. அம்மா முதலில் “படம் சின்னனாப் போச்சு” என்றார். அடுத்த நாள் “இப்பதான் சிவாஜி சிவாஜி மாதிரி இருக்கிறார்” என்றார்.

கமெரா பக்கவாட்டில் நகரும்போது படம் இடறி இடறிப் போகிறது.

கொம்பியூட்டர் நொடிக்கு 60 படம் அனுப்புகிறது, ரீவிக்கு வேண்டியது 50. மிச்சத்தைக் கொன்வேட்டர் ஒழுங்கில்லாமல் தூக்கி எறிகிறது. கொம்பியூட்டரின் வெளியீட்டை 50 ஹேர்ட்ஸ் ஆக்குங்கள். அவ்வளவுதான்.

பாட்டு வீடு அதிரக் கேட்கிறது, கதைக்கிறது கேட்கவில்லை.

படக் கோப்பில் சத்தம் ஆறு பாதையில் இருக்கிறது. பேச்சு நடுப் பாதையில். உங்கள் ரீவியில் இடமும் வலமும் மட்டும். நடுப் பாதைக்குப் போக இடமில்லாமல் பேச்சு தொலைகிறது. கோடியின் ஒலி அமைப்பில் 2.0 என்று வையுங்கள். ஆறையும் இரண்டாக அது கலந்து கொடுக்கும்.

ரீவியில் வெள்ளை ஓட்டை மட்டும் இருந்தால் அது ஒற்றை ஒலிபெருக்கி ரீவி. வெள்ளையை மட்டும் செருகினால் வலப்பக்கச் சத்தம் போய்விடும், பழைய பாட்டுகளில் சிலநேரம் பாடுபவரே காணாமல் போவார். இரண்டை ஒன்றாக்கும் ஒரு சின்னப் பிரிவயர் வாங்குங்கள்.

எங்கள் ரீவியில் அன்ரனா ஓட்டை மட்டும்தான்.

வீட்டுப் பரணில் ஒரு டெக் கிடக்கிறதா பாருங்கள். ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் வைத்து, முற்றத்தில் விடிய விடியப் படம் போட்ட ஊர் இது. பல வீடுகளில் இன்னும் ஒன்று இருக்கும். கசெற் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, விளக்கு எரிந்தால் போதும். டெக்கின் ஏவி உள்ளீட்டில் கொம்பியூட்டரைக் கொளுவுங்கள். டெக்கின் அன்ரனா வெளியீட்டை ரீவிக்குக் கொடுங்கள். டெக்கை ஏவிக்கு மாற்றிவிட்டு, ரீவியில் யூஎச்எஃப் பக்கம் 30இல் இருந்து 40 வரை மெதுவாகத் தேடுங்கள். படம் ஒரு இடத்தில் பிடிபடும். டெக் இல்லாவிட்டால் மொடுலேற்றர் என்ற தனிப் பெட்டி அதே வேலையைச் செய்யும். படம் ஏவியை விடக் கொஞ்சம் மங்கல்தான்.

றிமோட் இல்லாமல் ஏவிக்குப் போவது எப்படி?

பல பழைய ரீவிகளில் சனல் 1இல் நின்று கீழ்ப் பட்டனை அமுக்கினால் ஏவி வரும். முன்பக்க ஏவியும் பின்பக்க ஏவியும் ஒரே இணைப்பாக இருக்கிற ரீவியில், டிஷ் பெட்டி பின்னாலும் கொம்பியூட்டர் முன்னாலும் இருந்தால் இரண்டு படமும் கலந்து பேய் போல வரும். பார்க்காததைக் கழற்றுங்கள். கொம்பியூட்டருக்குக் கோர் என்ற செயலியைப் போனில் போட்டால் போனே றிமோட். வயது போனவர்களுக்கு அது சரிவராது, நாலு பட்டன் உள்ள யூஎஸ்பி றிமோட் வாங்கிக்கொடுங்கள்.

தமிழ் எழுத்து சதுரம் சதுரமாக வருகிறது.

கோடியின் தோற்ற அமைப்பில் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றுங்கள். துணைவசனக் கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உளறினால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

ரீவிக்கு ஒன்றும் ஆகாது. பையின் மெமரி காட்டுக்கு ஆகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் குழம்பி, அடுத்தமுறை தொடங்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய நேரத்தில் என்னுடையது இரண்டு போய்விட்டது. இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் காட்டை அப்படியே பிரதி எடுத்து இன்னொரு காட்டில் வைத்திருக்கிறேன். படங்களைக் காட்டில் வைக்காமல் தனி டிரைவில் வையுங்கள்.

மழைக்காலத்தில் இடி முழங்கினால் பிளக்கை மட்டும் இல்லை, அன்ரனா வயரையும் கழற்றுங்கள். இந்தியச் சனல் பிடிக்கவென்று உயர்த்திய குழாய்கள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. மின்னல் அந்த வழியாக ரீவிக்கும், ரீவியில் இருந்து ஏவி வயர் வழியாகக் கொம்பியூட்டருக்கும் போகும்.

வயர் கொளுவும்போது கையில் சுள்ளென்று இழுத்தால், நிலவயர் இல்லாத இரண்டு ஊசி அடப்டரின் கசிவு. ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் ஓட்டைக்குப் பின்னால் உள்ள சிப்பைக் கொல்லலாம். இரண்டையும் அணைத்துவிட்டுக் கொளுவுங்கள்.

பெட்டி ரீவியின் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். படக்குழாயில் 20,000 வோல்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் நின்றிருக்கும்.

எங்களுடையது பெட்டி இல்லை, பழைய எல்சிடி.

அப்படியென்றால் அதிர்ஷ்டம். விஜிஏ கேபிள் ஒன்று, சத்தத்துக்குத் தனியாக ஹெட்போன் வயர் ஒன்று. விஜிஏயில் சத்தம் போகாது. ரெசலூஷனை ரீவியின் சொந்த அளவுக்கு, பெரும்பாலும் 1360க்கு 768க்கு, வையுங்கள். எச்டிஎம்ஐ இருந்தும் ஓரம் வெட்டுப்பட்டால் ரீவியின் பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்கிற மாதிரி ஒன்றைத் தேடுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதை விடப் புது ரீவி வாங்கலாமே?

வாங்கலாம். கொன்வேட்டர், வயர், பை, காட் என்று கணக்குப் பார்த்து, அது இரண்டாம் கை எல்சிடி ஒன்றின் விலையை நெருங்கினால் எல்சிடியை வாங்குங்கள். பிள்ளைகள் படிக்க, எழுத்து வாசிக்க வேண்டுமென்றாலும் அதுதான். பெட்டி ரீவி ஏற்கெனவே வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பார்க்கப்போவது பழைய படமும் பாட்டும் என்றால், அந்தப் படங்கள் ரீவியில் ஓடிய காலத்துத் திரை இது. 4க்கு 3 படம் அதில் முழுத் திரைக்கும் நிற்கும்.

எங்கள் வீட்டில் போன வருடம் தம்பி சுவிஸில் இருந்து வந்து 43 அங்குலம் ஒன்று வாங்கி ஹோலில் மாட்டிவிட்டுப் போனான். அம்மா அதில் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் பார்ப்பார். பின்னேரம் ஐந்து மணிக்கு விறாந்தைக் கதிரைக்கு வந்துவிடுவார். நேற்றும் சத்தம் குறைவு என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பூனை படுத்து வெள்ளைப் பிளக் கழன்றிருந்தது.